துபாய் கோச்

துபாயிலிருந்து ஒரேயடியாக ஊருக்கு வந்துவிட்ட பிறகு எனக்கு எந்நேரமும் அசதியாகவே இருந்தது. பயணக் களைப்பு என்றாள் மனைவி. வந்து ஒரு வருஷம் கழிந்த பிறகும் அதையே சொல்லிக்கொண்டிருக்க முடியாது என்று அவளுக்கே தோன்றியதும் டாக்டரிடம் கூட்டிப்போனாள். அவர் சர்க்கரை என்றார், மாத்திரை எழுதிக் கொடுத்தார். வலது முழங்காலைத் தட்டிப் பார்த்து, "ரொம்ப வருசம் நின்னே வேலை பாத்தீங்களோ?" என்றார். ஆமாம் என்றேன். அதற்கு மாத்திரை எதுவும் எழுதவில்லை.

அறந்தாங்கியில் மச்சானுக்கு டைல்ஸ் கடை இருக்கிறது. மனைவியின் தம்பி. கல்லாவில் உட்கார நம்பிக்கையான ஆள் வேண்டும் என்று என்னைக் கூப்பிட்டுக்கொண்டான். உண்மையில் நம்பிக்கையான ஆட்கள் அவனிடம் ஏற்கெனவே இருந்தார்கள். நான் வீட்டில் சும்மா கிடப்பதை அக்கா பார்த்துக்கொண்டிருக்க வேண்டாம் என்றுதான் செய்தான். பகல் முழுக்க அங்கே உட்கார்ந்திருப்பேன். வீடு கட்டுகிறவர்கள் வந்து குளியலறைக்குப் பச்சையா நீலமா என்று புருஷனும் பெண்டாட்டியுமாகச் சண்டை போடுவார்கள். மதியத்துக்கு மேல் எனக்குக் கண் சொருகும். மச்சான் பார்க்காத மாதிரி இருந்துவிடுவான்.

மகள் அப்போது ஏழாவது படித்தாள். இரண்டு வருஷத்துக்கு ஒரு தடவை லீவில் வந்துபோகிற மனிதனை ஒரு பிள்ளை எந்த அளவுக்குத் தெரிந்துவைத்திருக்குமோ அந்த அளவுக்குத்தான் அவளுக்கு என்னைத் தெரியும். "சாப்பிட்டீங்களா அத்தா?", "ஃபேன் போடவா அத்தா?" என்று கேட்பாள். விருந்துக்கு வந்தவரிடம் கேட்பதுபோல இருக்கும். அவள் அம்மாவோடு சண்டை போடுவாள், தலையணையைத் தூக்கி எறிவாள், சோற்றைத் தட்டில் வைத்துவிட்டு எழுந்து போவாள். என்னிடம் ஒரு நாளும் ஒரு வார்த்தை எதிர்த்துப் பேசியதில்லை.

ஒரு நாள் சாயங்காலம் அவளுடைய பள்ளிக்கூடத்து பி.டி. டீச்சர் கடைக்கு வந்தார். முப்பது வயது இருக்கும். ஸ்கூட்டியை நிறுத்திவிட்டு விசில் கயிறு கழுத்தில் தொங்க உள்ளே வந்தபோது டைல்ஸ் பார்க்க வந்திருக்கிறார் என்று நினைத்து எழுந்து நின்றேன்.

"உக்காருங்க பாய். ஒங்களப் பாக்கத்தான் வந்தேன். நீங்க துபாய்ல ரக்பி கிரவுண்டுல இருந்தீங்களாமே?"

"ஆமாங்க."

"எத்தன வருசம்?"

"பதினோரு வருசம் இருக்கும்."

அவர் நெஞ்சில் கை வைத்துக்கொண்டார். விஷயம் இதுதான். பள்ளிக்கூடத்துக்கு டேக் ரக்பி என்று ஒரு புது விளையாட்டு வந்திருந்தது. ஒரு பெரிய பையில் நாலு பந்தும், இடுப்பில் கட்டுகிற பட்டைகளும் வந்து இறங்கியிருந்தன. டீச்சருக்கு ஒரே ஒரு நாள் பயிற்சி கொடுத்து, அடுத்த மாதம் புதுக்கோட்டையில் போட்டி, டீம் கொண்டு வாருங்கள் என்று சொல்லிவிட்டார்கள். அவர் ஓடத் தெரிந்த பத்துப் பிள்ளைகளைச் சேர்த்திருந்தார். அதில் என் மகளும் ஒருத்தி. வீட்டில் அவள் இதைப் பற்றிப் பேசி நான் கேட்டதில்லை.

"டீச்சர், நான் அங்க வெளையாட்டுக்காரன் இல்லைங்க. புல்லு வெட்டுறது, தண்ணி பாய்ச்சுறது, கோடு போடுறது. அவ்வளவுதான்" என்றேன்.

"பரவாயில்ல சார். நம்ம மாவட்டத்துல ரக்பி கிரவுண்ட நேர்ல பாத்த ஆளே நீங்க ஒருத்தராத்தான் இருப்பீங்க. வெளியூருக்குப் புள்ளைகளக் கூட்டிட்டுப் போக எனக்குத் தொணைக்கு ஒரு பெரியவங்க வேணும். நீங்க வந்து நின்னாலே போதும்."

பாய் என்று ஆரம்பித்தவர் அந்த இடத்தில்தான் சார் என்று மாறினார்.

அந்த வேலையைப் பற்றிக் கொஞ்சம் சொல்ல வேண்டும். அங்கே பச்சைப் பசேலென்று ஒரு மைதானம் இருந்தது. வெயிலில் அது காயாமல் பார்த்துக்கொள்வதுதான் எங்கள் வேலை. பெரிய போட்டி வரும் நாட்களில் விடிவதற்கு முன்பே போய்விடுவோம். பனி துடைப்போம், ஓரம் நறுக்குவோம், வெள்ளைக் கோடுகளுக்கு மேல் மறுபடி ஒரு தடவை மெஷினைத் தள்ளிக்கொண்டு போவோம். ஜனங்கள் வர ஆரம்பித்ததும் சூப்பர்வைசர் எங்களைப் பின்பக்கம் அனுப்பிவிடுவார். சீருடையோடு நாங்கள் முன்னால் நிற்கக் கூடாது. கேலரிக்குப் பின்னால் சாமான் அறை. அட்டைப் பெட்டியைப் பிரித்துப் போட்டுப் படுத்துவிடுவோம். உள்ளே கூட்டம் கத்துவது கேட்கும். ஆட்டம் முடிந்ததும் எழுப்புவார்கள். போய்ப் பார்த்தால் நாங்கள் சீவி வைத்த தரை மாடு மேய்ந்த கொல்லை மாதிரி கிடக்கும். மறுபடியும் ஆரம்பிப்போம். இப்படிப் பதினோரு வருஷத்தில் நான் ஒரு ஆட்டத்தைக்கூட முழுதாகப் பார்த்ததில்லை.

இதை டீச்சரிடம் இவ்வளவு விவரமாகச் சொல்லவில்லை. சொல்ல அலுப்பாக இருந்தது. வருகிறேன் என்று சொல்லிவிட்டேன்.

பள்ளிக்கூட மைதானத்தில் ஒரே ஒரு நாள் பயிற்சியைப் போய்ப் பார்த்தேன். டேக் ரக்பியில் ஆளைப் பிடித்து இழுப்பது, மோதித் தள்ளுவது எதுவும் கிடையாது. ஒவ்வொரு பிள்ளையின் இடுப்புப் பட்டையிலும் இரண்டு பக்கமும் ஒவ்வொரு ரிப்பன் ஒட்டியிருக்கும். பந்தை வைத்துக்கொண்டு ஓடுகிறவளின் ரிப்பனை எதிர் அணிக்காரி உருவிவிட்டு "டேக்" என்று கத்த வேண்டும். ஓடுகிறவள் உடனே பந்தைத் தன் ஆளிடம் போட்டுவிட வேண்டும். அதுவும் முன்னால் போடக் கூடாது, பின்னால்தான். ரிப்பன் போகாமல் கடைசிக் கோட்டைத் தாண்டிப் பந்தைத் தரையில் வைத்துவிட்டால் டிரை. அதுதான் பாயிண்டு. உருவிய ரிப்பனை உருவியவளே திருப்பிக் கையில் கொடுக்க வேண்டும் என்பதும் ஒரு விதி. சண்டைக்காரிகள் மாதிரி ஓடிவந்து பறித்துவிட்டு, "இந்தாடி" என்று கொடுத்துவிட்டு ஓடினார்கள்.

என் மகள் ஓரத்தில் நின்றாள். நான் வந்திருப்பதைப் பார்த்ததும் ஷாலை இழுத்து இடுப்பில் கட்டிக்கொண்டு பார்வையை அந்தப் பக்கம் திருப்பிக்கொண்டாள்.

போட்டி ஒரு சனிக்கிழமை. மாசி மாதம், காலையிலேயே வெயில் கூர்மையாக இருந்தது. டீச்சரும் நானும் பத்துப் பிள்ளைகளும் முதல் பஸ்களில் ஒன்றில் ஏறினோம். பந்துப் பையை என் மடியில் வைத்துக்கொண்டேன். வல்லத்திராக்கோட்டை தாண்டும் வரைக்கும் பிள்ளைகள் பாடினார்கள். அதன் பிறகு தைலமரக் காட்டைப் பார்த்துக்கொண்டே வந்தார்கள். கேப்டன் பிள்ளை மட்டும் டிரைவருக்குப் பின்னால் நின்றுகொண்டே வந்தாள். உயரமானவள், பஸ்ஸில் உட்கார்ந்தால் வாந்தி வரும் என்றாள். அவளுடைய அப்பா செங்கல் சூளையில் இருக்கிறார் என்று டீச்சர் சொன்னார்.

புதுக்கோட்டைக்கு வெளியே ஒரு பள்ளிக்கூட மைதானம். செம்மண்ணும் சரளைக் கல்லும். ஓரத்தில் வேப்பமரங்கள் இருந்தது ஒன்றுதான் ஆறுதல். சாமியானா போட்டு, மைக் செட்டில் பாட்டு வைத்திருந்தார்கள். பல ஊர்களிலிருந்தும் பிள்ளைகள் வந்திருந்தார்கள். குன்றாண்டார்கோவில் பக்கத்திலிருந்து வந்த ஒரு அணி எங்களுக்குப் பக்கத்திலேயே பாய் விரித்து உட்கார்ந்தது. ஒன்பது மணிக்குத் தொடக்கம் என்று போட்டிருந்தது. சிறப்பு விருந்தினர் வரவில்லை. பத்து மணிக்கு, கிளம்பிவிட்டார் என்றார்கள். பிள்ளைகள் கொண்டுவந்த தண்ணீரில் பாதியைக் குடித்துவிட்டார்கள். ஒருத்தி டிபன் டப்பாவைத் திறந்து புளிச்சோற்றைத் தொட்டுப் பார்த்தாள். அப்புறம் எல்லோரும் தொட்டுப் பார்த்தார்கள். பதினொரு மணிக்குச் சிறப்பு விருந்தினர் வந்தபோது மத்தியானச் சாப்பாடு அநேகமாகத் தீர்ந்திருந்தது.

பிள்ளைகள் எல்லோரும் வெயிலில் வரிசையாக நிற்க, மேடையில் பேச்சு நடந்தது. ஒவ்வொருவருக்கும் பொன்னாடை போர்த்தினார்கள். நான் வேப்பமரத்தடியில் முழங்காலைத் தேய்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். அப்போது மைக்கில் இருந்தவர் குரலை உயர்த்தினார்.

"வளைகுடா மண்ணிலே ரக்பி விளையாட்டின் நுணுக்கங்களைக் கற்றுத் தேர்ந்து, பதினோரு ஆண்டுகள் அனுபவத்தோடு தாயகம் திரும்பி, இன்று நம் மாவட்டக் குழந்தைகளுக்குப் பயிற்சி அளித்துக்கொண்டிருக்கும் நம் மண்ணின் மைந்தர் ஒருவர் இங்கே வருகை தந்திருக்கிறார். அவரை மேடைக்கு அழைக்கிறேன்."

யாரைச் சொல்கிறார் என்று திரும்பிப் பார்த்தேன். டீச்சர் என்னை நோக்கிக் கைகாட்டிக்கொண்டு நின்றார். அவர் முகம் சிவந்திருந்தது. பெருமையா சங்கடமா என்று சொல்ல முடியவில்லை.

"நான் சும்மாதான் சார் சொன்னேன், துபாய்ல இருந்தவருன்னு. அவங்களா இப்படி எழுதிக்கிட்டாங்க. போயிட்டு வந்துருங்க சார், எல்லாரும் பாக்கிறாங்க."

எழுந்து நடந்தேன். வரிசையில் நின்ற பிள்ளைகளைத் தாண்டித்தான் போக வேண்டும். மகள் தன் காலணியைப் பார்த்துக்கொண்டு நின்றாள். மேடையில் பொன்னாடை போர்த்தினார்கள். அந்த வெயிலுக்கு அது கம்பளி மாதிரி இருந்தது. இரண்டு வார்த்தை பேசுங்கள் என்று மைக்கைக் கையில் கொடுத்துவிட்டார்கள்.

"அஸ்ஸலாமு அலைக்கும். எல்லாருக்கும் வணக்கம். நான் கோச் இல்லைங்க. அங்க புல்லு வெட்டுற வேலை பாத்தேன். கோடு போட்டேன். எனக்கு இந்த வெளையாட்டு தெரியாதுங்க" என்றேன்.

 அறிவிப்பாளர் மைக்கை வாங்கிக்கொண்டார்.

"பாருங்கள், எவ்வளவு தன்னடக்கம். மாணவச் செல்வங்கள் இவரிடம் கற்றுக்கொள்ள வேண்டியது விளையாட்டை மட்டுமல்ல."

எல்லோரும் கைதட்டினார்கள். சிறப்பு விருந்தினர் எழுந்து என் கையைப் பிடித்துக் குலுக்கினார். மேடையை விட்டு இறங்கி வந்தேன். மறுபடி போய் மைக்கைக் கேட்டு, நிஜமாகவே புல்தான் வெட்டினேன் என்று நிரூபிக்க உடம்பில் தெம்பு இல்லை.

மரத்தடிக்கு வந்ததும் வேறொரு பள்ளிக்கூடத்து பி.டி. சார் என்னைத் தேடிக்கொண்டு வந்தார்.

"சார், எங்க புள்ளைக பந்தப் பின்னால போடும்போது கீழ விட்டுருதுக. அங்கல்லாம் என்ன டெக்னிக் சொல்லிக் குடுப்பாங்க?"

"எனக்குத் தெரியாதுங்க. நான் மேடையில சொன்னது நெசம்."

அவர் சிரித்தார். "புரியுது சார். இன்னைக்கு நாம எதிர் எதிர் டீமு. மேட்ச் முடிஞ்சு பேசுவோம்" என்று சொல்லிவிட்டுப் போனார்.

எங்கள் பிரிவில் நான்கு அணிகள். எல்லோரோடும் ஒரு ஆட்டம் ஆட வேண்டும். முதல் ஆட்டம் டவுனில் இருக்கிற ஒரு தனியார் பள்ளியோடு. அந்தப் பிள்ளைகளுக்கு ஒரே நிறத்தில் ஷூ, ஒரே மாதிரி இரட்டைச் சடை. நம் பிள்ளைகள் மிரண்டுவிட்டார்கள். பந்து கைக்கு வந்ததும் யாரிடமாவது கொடுத்தால் போதும் என்று முன்னால் வீசினார்கள். ஒவ்வொரு முறையும் விசில் ஊதியது. எங்களில் மிகச் சின்னப் பிள்ளை ஒருத்திக்கு இடுப்பே இல்லை, ஓட ஓடப் பட்டை கழன்று முழங்காலுக்கு இறங்கியது. அவள் ஒரு கையில் பட்டையையும் ஒரு கையில் பந்தையும் பிடித்துக்கொண்டு ஓடினாள். டீச்சருக்குக் கோட்டோரமாக ஓடி ஓடிக் கத்தி, பாதி ஆட்டத்திலேயே தொண்டை கட்டிக்கொண்டது.

இடைவேளையில் பிள்ளைகள் வந்து வட்டமாக உட்கார்ந்தார்கள். டீச்சருக்குக் குரல் வரவில்லை. காற்று மாதிரி ஒரு சத்தத்தில், "சார், நீங்க ஏதாச்சும் சொல்லுங்க சார்" என்றார்.

பத்து முகங்களும் என் பக்கம் திரும்பின. வேர்த்து, செம்மண் ஒட்டி, நம்பிக்கையோடு பார்த்தன. மேடையில் எனக்குப் பொன்னாடை போர்த்தியதை அவர்களும்தானே பார்த்திருந்தார்கள். நான் துபாய் மைதானத்தின் மூலை முடுக்கெல்லாம் நினைத்துப் பார்த்தேன். தண்ணீர் பீச்சும் குழாய்கள், உரமூட்டை, மெஷினின் கைப்பிடி. பிள்ளைகளுக்குச் சொல்ல அதில் ஒன்றும் இல்லை.

"தண்ணி குடிங்கம்மா" என்றேன். "மெதுவாக் குடிங்க."

அவர்கள் பணிவாகக் குடித்தார்கள். மகள் மட்டும் குடிக்கவில்லை. இரண்டாம் பாதியில் இன்னும் மோசமாகத் தோற்றோம்.

அடுத்த ஆட்டத்துக்கு நேரம் இருந்தது. பிள்ளைகள் மிச்சச் சோற்றைத் தின்றுகொண்டிருந்தார்கள். மகள் ஒரு வாழைப்பழத்தைக் கொண்டுவந்து எனக்குக் கொடுத்துவிட்டு, போகாமல் நின்றாள்.

"அத்தா, நான் ஸ்கூல்ல ஒங்கள கோச்சுன்னு சொல்லல. கிரவுண்டுல வேலை பாத்தாங்கன்னுதான் சொன்னேன்."

"தெரியும்மா."

"அவங்களாத்தான் அப்படி நெனச்சுக்கிட்டாங்க."

"சரிம்மா. அதுக்கு என்ன இப்ப?"

தரையைக் காலால் கீறினாள். "அங்க மேட்ச் நடக்கும்போது நீங்க எங்க இருப்பீங்க?"

"பின்னாடி ஒரு ரூம் இருக்கும். படுத்துருப்போம்."

"பாக்க மாட்டீங்களா?"

"விட மாட்டாங்க. விட்டாலும் பாத்துருக்க மாட்டேன். ராத்திரி ரெண்டு மணிக்கு எந்திரிச்சு வந்த ஆளுக்குப் படுக்க எடம் கெடச்சாப் போதாதா?"

அவள் அதை யோசித்தாள். துபாயைப் பற்றி அவள் என்னிடம் கேட்ட முதல் கேள்விகள் அவைதான். சாக்லேட்டும் செண்டும் வந்துகொண்டிருந்த ஊர் என்பதற்கு மேல் அவளுக்கு அது ஒன்றுமில்லை. நானும் சொன்னதில்லை. போன் பேசுகிற நேரம் எல்லாம் மார்க்கு, சளி, காய்ச்சல், எப்போது வருவீங்க என்பதிலேயே போய்விடும்.

"பழத்த சாப்பிட்டு மாத்திரை போடுங்க" என்று சொல்லிவிட்டு ஓடிவிட்டாள்.

மாத்திரை போட்டேன். லுஹர் தொழுகைக்கு நேரம் வந்துவிட்டது. மரத்துக்குப் பின்னால் கொஞ்சம் சுத்தமான இடமாகப் பார்த்துத் துண்டை விரித்துத் தொழுதேன். முழங்கால் மடக்கி எழும்போது மரத்தைப் பிடித்துக்கொள்ள வேண்டியிருந்தது. தொழுது முடித்துப் பந்துப் பையில் சாய்ந்து உட்கார்ந்து விரல்விட்டு எண்ணித் தஸ்பீஹ் ஓத ஆரம்பித்தேன். வேப்பமரக் காற்று வந்தது. இரண்டாவது ஆட்டத்துக்கு எங்கள் பள்ளிக்கூடத்தின் பெயரை மைக்கில் கூப்பிட்டது கேட்டது. எழுந்திருக்க வேண்டும் என்று நினைத்தது ஞாபகம் இருக்கிறது.

பெரிய சத்தம் கேட்டுக் கண் விழித்தேன். எங்கே இருக்கிறேன் என்று ஒரு கணம் பிடிபடவில்லை. ஆட்டம் முடிந்துவிட்டது, எழுந்து போய்த் தரையைச் சரிசெய்ய வேண்டும் என்றுதான் உடம்பு நினைத்தது. எழுந்து நின்றுகூட விட்டேன். அப்புறம்தான் செம்மண் தெரிந்தது. மைதானத்தில் எங்கள் பிள்ளைகள் ஒரு குவியலாகக் கிடந்தார்கள். டீச்சர் குரலில்லாமல் வாயை மட்டும் திறந்து கைகளை ஆட்டிக்கொண்டிருந்தார். குவியலின் அடியிலிருந்து கடைசியாக எழுந்தது என் மகள். தலைமுடியெல்லாம் மண். நேராக என்னை நோக்கி ஓடிவந்தாள்.

"அத்தா, பாத்தீங்களா? நான் போட்டேன் அத்தா. கடைசி டிரை நான் போட்டேன். செயிச்சுட்டோம்."

அவள் மூச்சு வாங்கியது. முகம் இருந்த விதத்தில் ஆமாம் என்று ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் போதும். நாக்கு வரை வந்தது. ஆனால் என் கன்னத்தில் பந்துப் பையின் வலை அச்சு பதிந்திருந்தது. அவள் அதைப் பார்த்துவிட்டாள்.

"தூங்கிட்டேம்மா" என்றேன்.

அவள் அழுவாள் என்று நினைத்தேன். இல்லையென்றால் வழக்கம்போல, பரவாயில்ல அத்தா என்று மரியாதையாகச் சொல்லுவாள் என்று நினைத்தேன். இரண்டும் செய்யவில்லை.

"என்னத்தா நீங்க" என்று கத்தினாள். "இவ்வளவு தூரம் வந்துட்டுத் தூங்குனீங்களா? வீட்டுலயும் தூங்குறீங்க, கடையிலயும் தூங்குறீங்க. இங்க வந்தும் தூங்கணுமா?"

பக்கத்தில் பாய் விரித்திருந்த பிள்ளைகள் எல்லாம் திரும்பிப் பார்த்தார்கள். அவள் காலால் மண்ணை எத்திவிட்டுப் போய்க் கூட்டத்தோடு உட்கார்ந்துகொண்டாள். நான் நின்றேன். அவள் என்னிடம் சண்டை போடுகிறாள் என்பது புரியக் கொஞ்ச நேரம் ஆயிற்று. அவள் அம்மாவிடம் போடுகிற அதே சண்டை.

மூன்றாவது ஆட்டம் குன்றாண்டார்கோவில் பக்கத்துப் பிள்ளைகளோடு. அதில் ஜெயித்தால் இறுதிப் போட்டி. நான் உட்காரவே இல்லை. கோட்டை ஒட்டி, இரண்டு காலிலும் மாற்றி மாற்றி எடையைப் போட்டுக்கொண்டு நின்றேன். அந்தப் பிள்ளைகளும் நம் பிள்ளைகளைப் போலத்தான், பாதிப் பேர் வெறுங்கால். ஆட்டம் எனக்குக் கொஞ்சம் கொஞ்சமாகப் பிடிபட்டது. முன்னால் ஓட வேண்டும், ஆனால் பின்னால் யார் வருகிறார்கள் என்பது தெரிந்திருக்க வேண்டும். கேப்டன் பிள்ளை நீளக் கால்களை வைத்துக்கொண்டு ஓடி ரிப்பன் ரிப்பனாக உருவினாள். சின்னப் பிள்ளையின் பட்டையை டீச்சர் நன்றாக இறுக்கிவிட்டிருந்தார். அவள் இரண்டு பேருக்கு நடுவில் எலி மாதிரி புகுந்து ஒரு டிரை போட்டாள். அவர்களும் ஒன்று போட்டார்கள். சமமாக இருந்தது.

முடிகிற நேரத்தில் கேப்டன் பிள்ளையின் ரிப்பனை உருவிவிட்டார்கள். அவள் திரும்பிப் பந்தைப் போட்டாள். பின்னால் ஓடிவந்தது என் மகள். முன்னால் ஆளே இல்லை, கோடு பத்தடி தூரத்தில் இருந்தது. பந்து அவள் விரலில் பட்டு, நெஞ்சில் பட்டு, தரையில் விழுந்தது. எதிர் அணிப் பிள்ளை ஒருத்தி அதைப் பொறுக்கிக்கொண்டு மைதானத்தின் அந்தக் கடைசி வரைக்கும் ஓடினாள். யாராலும் பிடிக்க முடியவில்லை. விசில் ஊதியது.

பந்து விழுந்த இடத்திலேயே மகள் நின்றுகொண்டிருந்தாள். எல்லோரும் அழுதார்கள், அவள் அழவில்லை. கேப்டன் பிள்ளை போய் அவள் கையைப் பிடித்து இழுத்து வந்தாள். அப்புறம் விதிப்படி எதிர் அணியோடு வரிசையாகக் கைகொடுத்தார்கள். அந்தப் பக்கத்துப் பிள்ளை ஒருத்தி கையில் ஒரு ரிப்பன் மிச்சம் இருந்தது. யாருடையது என்று கேட்டுக்கொண்டே வந்து எங்கள் டீச்சரிடம் கொடுத்தாள்.

சான்றிதழ் கொடுக்கிற வரைக்கும் இருக்க வேண்டியிருந்தது. காலையில் டெக்னிக் கேட்ட சார் மறுபடி வந்தார். அவருடைய அணி எல்லா ஆட்டத்திலும் தோற்றிருந்தது. என் பக்கத்தில் உட்கார்ந்து, ஷூவைக் கழற்றி மண்ணைக் கொட்டினார்.

"நெசமாவே தெரியாதா சார்?"

"தெரியாதுங்க."

"எனக்கும் தெரியாது சார். எனக்கு வாலிபால்தான்" என்றார். இரண்டு பேரும் வெயில் இறங்கும் வரைக்கும் உட்கார்ந்திருந்தோம்.

திரும்பும் பஸ்ஸில் கூட்டம். பின்சீட்டைப் பிடித்துப் பிள்ளைகள் ஒருவர் மேல் ஒருவர் உட்கார்ந்துகொண்டார்கள். எனக்கு ஒரு ஓரம் கொடுத்தார்கள். மகள் ஜன்னலோரத்தில் முகத்தை வெளியே வைத்துக்கொண்டு வந்தாள். டவுனைத் தாண்டியதும் சின்னப் பிள்ளைதான் ஆரம்பித்தாள்.

"அங்கிள், நீங்க நெசமாவே அந்த டிரைய பாக்கலயா?"

"இல்லம்மா."

"நாஞ் சொல்றேன் அங்கிள். இங்கிட்டு நான் நிக்கிறேன். அங்கிட்டு கேப்டன் அக்கா நிக்கிது. பந்து எங்கிட்ட வந்துச்சு. நாலு பேரு என்னய சுத்திட்டாங்க."

"ரெண்டு பேருடி" என்றாள் கேப்டன் பிள்ளை, கம்பியைப் பிடித்து நின்றபடி. "அங்கிள், நான் சொல்றேன். இவ பந்த எனக்குப் போட்டா. என் ரிப்பன உருவிட்டாங்க. நான் திரும்பிக்கூடப் பாக்கல. ஒங்க மக வருவான்னு தெரியும், அப்படியே பின்னால விட்டேன். அவ ஓடிவந்து எடுத்துட்டா."

"ஒரு புள்ள அவ ரிப்பனப் புடிக்கப் பாஞ்சுச்சு அங்கிள். அவ இடுப்ப இப்படி வளைச்சா. அது போய்க் கீழ விழுந்துருச்சு" என்றாள் இன்னொருத்தி.

"அது விழல. வழுக்குச்சு."

"விழுந்துச்சுடி. நான் பாத்தேன்."

ஆளுக்கு ஒரு விதமாகச் சொன்னார்கள். ஒருத்தி எழுந்து நின்று நடித்துக் காட்டப் போய் ஒரு அம்மாவின் கூடைமேல் விழுந்தாள். கண்டக்டர் திட்டினார். டீச்சர் குரல் இல்லாததால் கையெடுத்துக் கும்பிட்டார். நான் கேள்விகள் கேட்டேன். அவள் எந்தப் பக்கமாக ஓடினாள், பந்து எந்தக் கையில் இருந்தது, கோடு எவ்வளவு தூரம். கேட்கக் கேட்க அவர்களுக்கு உற்சாகம் ஏறியது. கொஞ்ச நேரத்தில் மகள் ஜன்னலிலிருந்து திரும்பினாள்.

"எடது கையில இல்லடி, ரெண்டு கையாலயும் புடிச்சுருந்தேன்" என்றாள். பிறகு என்னைப் பார்த்து, குரலைத் தாழ்த்தி, "டிரைய விட்டுட்டீங்க. நான் பந்தக் கீழ போட்டத மட்டும் நல்லாப் பாத்தீங்க" என்றாள்.

"ஆமா" என்றேன். "நல்லாப் பாத்தேன்."

"சிரிக்காதீங்க."

நான் சிரிக்கவில்லை. சிரிக்கிற தெம்பு இருந்திருந்தால் ஒருவேளை சிரித்திருப்பேன்.

அறந்தாங்கியில் இறங்கி, ஒவ்வொரு பிள்ளையையும் அவரவர் வீட்டு ஆட்களிடம் ஒப்படைத்துவிட்டு நாங்கள் இருவரும் வீட்டுக்கு நடந்தோம். என் கால் இழுத்தது. அவள் நாலடி முன்னால் போவாள், நின்று, "வாங்கத்தா, சீக்கிரம்" என்பாள். வழியெல்லாம் குறை சொல்லிக்கொண்டே வந்தாள். பொன்னாடையைப் பஸ்ஸிலேயே விட்டுவிட்டேனாம், தண்ணீர் பாட்டிலைக் காணோமாம், இடைவேளையில் ஒரு வார்த்தை நல்லதாகச் சொல்லியிருக்கலாமாம். எல்லாவற்றுக்கும் சரி சரி என்று சொல்லிக்கொண்டு போனேன்.

அந்த ஜூனில் பி.டி. டீச்சர் மாற்றல் வாங்கிக்கொண்டு தன் ஊர்ப் பக்கம் போய்விட்டார். பந்துப் பை தலைமையாசிரியர் அறையில் பீரோவுக்கு மேலே இருப்பதாகச் சொல்கிறார்கள். புதிதாக வந்த சார் கோ-கோ சொல்லிக்கொடுக்கிறார். மகள் அதிலும் சேர்ந்துவிட்டாள். எங்காவது வெளியூரில் ஆட்டம் என்றால், "வந்தா முழிச்சுட்டு இருக்கணும்" என்று சொல்லி என்னையும் கூப்பிடுகிறாள். மச்சானிடம் சொல்லிவிட்டுப் போகிறேன். அசதி அப்படியேதான் இருக்கிறது. நின்றுகொண்டே பார்க்கிறேன்.

கோ-கோ எனக்கு நன்றாகத் தெரியும். பள்ளிக்கூடத்தில் நான் நல்ல ஆட்டக்காரன். அதைப் பற்றி யாரும் என்னிடம் கேட்பதில்லை.